முப்பத்திரண்டு கோடுகள்

சலாவுதீன் பாய் அதை எடை போட்டுத்தான் கொடுத்தார்.
ஒன்றரைக் கிலோ, ஒயரோடு சேர்த்து.
குன்னூரில் ஏதோ பங்களா காலி செய்தபோது
குதிரை லாடம், மீன்தூண்டில், உடைந்த தராசு,
இவற்றோடு வந்ததாம்.
ரப்பர் விசைகள். கரிச்சட்டிக் கறுப்பு.
என் போர்ட்டபிள் டிவியில் மாட்டினேன்.
எழுத்து வந்தது.
பிறகு கோடுகள்.

எட்டுப் புள்ளிக்கு ஒன்று, உச்சியிலிருந்து அடிவரை.
எண்ணினேன், முப்பத்திரண்டு.
அதோடு விட்டதா?
படமே இடுப்பில் வளைந்தது,
இலை மூட்டையைத் தலைக்கு ஏற்றுகிறவள் மாதிரி.

ஃபேக்டரியில் மோட்டார் பார்க்கிறவள் நான்.
எரிந்த காயிலை மூக்கால் கண்டுபிடிப்பேன்.
இதற்கு வாசனையே இல்லை.
கெப்பாசிட்டர்களை மாற்றினேன். கோடுகள்.
ஐந்து வோல்ட் வரவேண்டிய காலில் ஐந்தே வந்தது. கோடுகள்.
ஆன்டெனா பின்னைச் சுரண்டினேன், வைதேன்,
ஒரு தட்டு தட்டினேன்.
கோடுகள், வளைவு, கோடுகள்.

லாக் புக்கின் பின்னட்டையில் குறித்துவைத்தேன்:
காலை ஐந்தேகால், பதினோரு நிமிடம் சுத்தம்.
மதியம், இரண்டு.
மழை பெய்த புதன்கிழமை, ஐந்து.
கட்டபெட்டில் ஜனவரி மாதத்தில்
வெயில் தாங்காமல் மயங்கி விழும் ஒரே பிராணி
இதுவாகத்தான் இருக்கும்.

எட்டுப் புள்ளி. உள்ளே வரிசையாக எட்டுச் சிப்பு.
ஆளுக்கொரு புள்ளி பொறுப்பு.
எவன் கை நழுவவிடுகிறான்?

பெரிய ஊர்களில் இதற்கென்றே
டப்பாவில் அடைத்துக் குளிர் விற்கிறார்கள்.
நான் விடியுமுன் பள்ளத்துப் புல்லுக்கு இறங்கி
உறைபனியைக் கரண்டியால் வழித்தேன்,
பால் கவரில் முடிந்து கொண்டுவந்தேன்.
கோடுகள் வரும்வரை சூடேற்றிக் காத்திருந்து
ஒவ்வொரு முதுகிலும் ஒத்தடம் வைத்தேன்.
முதல் சிப்பு, இரண்டு, மூன்று, நான்கு, ஒன்றுமில்லை.
ஐந்தாவதில்
முப்பத்திரண்டும் ஒரே மூச்சில் அணைந்தன.
கவரை எடுத்தேன், வந்தன.
வைத்தேன், போயின.
தேவையே இல்லாமல் இன்னும் நாலு முறை
எடுத்து எடுத்து வைத்தேன்.

ஊட்டியில் மூடிப்போன வீடியோ கேம் கடையின் பலகையொன்று
அதே பாயிடம் கிடந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை.
பதினாறு கால்களைச் சூடு காட்டிப் பிடுங்கி
பதினாறு துளைகளில் இறக்கினேன்.
கோடுகள் திரும்பி வரவேயில்லை.

வளைவு மட்டும் நின்றது.
ஒரு நோய் என்று நினைத்திருந்தேன். இரண்டு.

நாலரை மணிக்குப் போஜனுக்கு போன் போட்டேன்.
"வாட்டுற தொட்டி ஃபேனை அரை நிமிஷம் நிறுத்து."
"எதுக்கு கமலேஸ்வரி அக்கா?"
"ஒருத்தருக்கு இடுப்பு வலி."
நிறுத்தினான்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாத இரைச்சல் ஓய்ந்தது,
என் காது அடைத்தது,
திரையில் படம்
தூக்குக்குண்டு விட்டாற்போல் நேராக நின்றது.
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

"அக்கா, டீ மேக்கர் ஐசக் சார் மாடிப்படி ஏர்றாரு.
போடட்டுமா?"
"போடு, போடு."
"என்னன்னு சொல்ல?"
"லைன் போச்சுன்னு சொல்லு."
இரைச்சல் வந்தது. படம் மறுபடி வளைந்தது.

இதற்கு மாற்றச் சிப்பு எங்கும் இல்லை.
அது பெட்டியின் கோளாறும் இல்லை,
எங்கள் லைனின் நடை.

ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணச் சொன்னேன்.
எண்கள் கொஞ்சம் சாய்ந்தபடியே
ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின,
மேட்டுத் தோட்டத்தில் ஆட்கள் இறங்குகிற மாதிரி.
ஒன்றும் சறுக்கவில்லை.
இருபத்திரண்டு வந்ததும் திரையில் இடம் தீர்ந்து
நகர்த்தட்டுமா என்று அடியில் ஒரு கேள்வி.

கேட்டுக்கொண்டு இருக்கட்டும்.
ஆறு மணி ஷிஃப்ட்.
டிபன் பாக்ஸை இன்னும் கழுவவில்லை.